எழிலின் வலது கண்

விருதுநகர்
12 பிப்ரவரி 2007

அன்பு மகள் எழிலுக்கு,

போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். மூன்று முறை ஆயிற்று. ஆகவே எழுதுகிறேன். பாதியில் கிழித்துப் போட்டாலும் நான் என்ன சொல்ல வந்தேன் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக முதலிலேயே வரிசையாகக் குறித்துவிடுகிறேன்.

1. உன் முதலாளி மணிகண்டராஜிடம் உன் நோயைப் பற்றிச் சொன்னது நான்தான்.
2. உன்னிடம் கேட்காமல் சொன்னேன். அதற்குக் காரணம் என் பயம்.
3. 2004ஆம் ஆண்டுப் படத்தில் இல்லாத ஒரு புள்ளி 2006ஆம் ஆண்டுப் படத்தில் இருக்கிறது. அது வலது கண்ணின் பாதையில் இருக்கிறது. ஆகவே வலது கண்ணும் போகும்.
4. இந்த நோயைப் பற்றிப் பெங்களூரில் நடக்கும் ஆராய்ச்சிக்கு நீ போக வேண்டும்.
5. அம்மா கொடுத்தனுப்பும் ஊறுகாயைத் திருப்பி அனுப்பாதே.

முதல் இரண்டுக்கும் விளக்கம் இல்லை. பொங்கல் கழிந்த மறுவாரம் நானாகவே பஸ் ஏறித் தாயில்பட்டிக்கு வந்தேன். பட்டாசுக் கம்பெனி வாசல் வரை வந்து இரண்டு முறை திரும்பினேன். மூன்றாவது முறைதான் உள்ளே போனேன். அங்கிருந்து உன் கொட்டகை தெரிந்தது. கதவு சாத்தியிருந்தது; இடுக்கில் மாறி மாறி வந்த நிற வெளிச்சத்தில் நீ உள்ளே இருப்பது தெரிந்தது. உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மூன்றாவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004 நவம்பரில் உன் இடது கண் மங்கியபோது மதுரையில் எடுத்த எம்.ஆர்.ஐ. பிலிமும், கால் மரத்துப்போனபோது போன டிசம்பரில் எடுத்த பிலிமும் என்னிடம் இருக்கின்றன. பட்டாசு லேபிளும் காலண்டரும் அடிக்கும் அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் நான் செய்த வேலை உனக்குத் தெரியும். நான்கு நிறத்துக்கு நான்கு பிலிம்; ஒன்றின் மேல் ஒன்று இம்மி விலகாமல் உட்கார வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்த அதே லைட் டேபிளில், அதே லென்ஸை வைத்து, இந்தப் பிலிம்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தேன். மண்டை ஓட்டின் வெளிக்கோடு பொருந்தியது. பழைய ஐந்து புள்ளிகளும் பொருந்தின. ஆறாவதாக ஒரு புள்ளி, கடுகு அளவுக்கு, பழைய பிலிமில் இல்லை. பதினோரு முறை வைத்துப் பார்த்தேன்.

நான் டாக்டர் இல்லை. அச்சுக் கலையில் ஒரு டிப்ளமா படித்தவன். ஆனால் இரண்டு பிலிமுக்கு நடுவே என்ன மாறியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை.

உன் தந்தை,
கண்ணுச்சாமி


சாத்தூர்
19 பிப்ரவரி 2007

அப்பாவுக்கு,

கிழிக்கவில்லை. ஊறுகாயையும் வைத்துக்கொண்டேன். உங்கள் ஐந்தில் ஒன்று முடிந்தது.

நீங்கள் வந்து போன மறுநாள் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. முதலாளி ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டார். கணக்கப்பிள்ளை, போர்மேன், டீ கொண்டு வந்த அம்மா எல்லோரும் நிற்கிறார்கள். அவர் சொன்னது இது:

“ஏம்மா எழில், ஒனக்கு ஒத்தக் கண்ணுலதான் கலர் தெரியுமாமே. அண்ணாச்சி வந்து சொல்லிட்டுப் போறாக. அந்தக் கண்ணும் போயிருமாமே. ரெண்டு வருசமா இத மறைச்சுப்புட்டா என் மணி மருந்துக்கு மார்க்குப் போட்ட?”

நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? என் இடது கண்ணுக்குச் சிவப்பு என்பது மழையில் நனைந்த செங்கல்லின் நிறம். வலது கண்ணுக்குச் சிவப்பு சிவப்புதான். அதனால் கண்ணாடியில் இடது பக்கத்துக்கு உள்ளே ஒரு கறுப்பு அட்டையை வெட்டி ஒட்டிக்கொண்டு இருட்டுக் கொட்டகையில் உட்கார்ந்தேன். வாணத்தில் நிறமாகச் சிதறுகிற அந்த மணி மருந்தை மாடத்தி அக்கா கொளுத்துவார்கள். நான் நிறம் சொல்வேன். கொட்டகைக்குள் வேறு யாரும் வருவதில்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு சீசனில் என் கையெழுத்துப் போட்டுப் போன சரக்கில் ஒரு பெட்டி திரும்பி வந்தது உண்டா? அதை அவரிடமே கேட்டேன். அவர் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்றார். பிறகு, “இருந்தாலும்” என்றார்.

அந்த ‘இருந்தாலும்’ நீங்கள் கொடுத்தது.

இப்போது நான் குடோனில் பெட்டி எண்ணுகிறேன். என் நாற்காலியில் முதலாளியின் தங்கை மகன் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறது. பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே ஒரு நிறம் வந்தால் மாடத்தி அக்காவிடம் கேட்டு எழுதுகிறானாம்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் நீங்கள்தான் முந்திக்கொண்டு சொன்னீர்கள். காபி ஆறுவதற்குள் எழுந்து போனார்கள். அதற்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிய வேண்டியதுதான். ஆனால் இந்த வேலை நான் ஒன்பது வருஷம் உட்கார்ந்து சம்பாதித்தது.

நாலாவது எண்: பெங்களூருக்குப் போக மாட்டேன். படம் எடுத்துப் படம் எடுத்து என்னைச் சுவரில் மாட்டவா? என் உடம்பில் என்ன நடக்கிறது என்பது முதலில் எனக்குத் தெரியும். பிறகுதான் பிலிமுக்கு.

எழில்


விருதுநகர்
3 மார்ச் 2007

அன்பு மகள் எழிலுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு இடங்களை விட்டுவிட்டு வாசித்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள். “முழுசா வாசிங்க. ஒங்களுக்குத் தோதா வெட்டி ஒட்ட இது என்ன காலண்டரா?” என்றாள். முழுவதையும் வாசித்தேன். அன்று முதல் அவள் எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. லைட் டேபிளின் மேல் முருங்கைக்காயைப் பரப்பி வைத்திருக்கிறாள்.

நான் செய்தது தவறு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. செய்த விதம் தவறு. கண்டது தவறு என்று எப்படி எழுதுவேன்?

உனக்குச் சொல்லாமல் இன்னொன்றும் செய்தேன். இனி எதையும் மறைக்கக்கூடாது என்று முடிவு செய்திருப்பதால் சொல்கிறேன். போன வியாழக்கிழமை இரண்டு பிலிமையும் எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். ‘குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை’ என்று உன் ரிப்போர்ட்டில் எழுதிய டாக்டரின் அறை வாசலில் இரண்டரை மணி நேரம் நின்றேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு தடவை எடுக்கும்போது தலை ஒரே மாதிரி இருக்காது, பெரியவரே, இதையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்கக்கூடாது என்றார்.

வழக்கமாக அந்த இடத்தில் நான் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். அன்று வரவில்லை. “முப்பத்தெட்டு வருசம் பிலிமப் பாத்தவன் சார் நான். நீங்க ஒரு நிமிசம் பாத்தீக. நான் பதினோரு தடவ பாத்திருக்கேன்” என்று சொன்னேன். வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த வயது வரை யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. முதன்முதலாகப் பேசியது உனக்காக என்று நினைத்தேன். உன் கடிதத்தை மறுபடி வாசித்தபோது, உனக்கு எதிராகத்தான் பேசிவிட்டு வந்திருக்கிறேனோ என்றும் தோன்றியது.

இரண்டு படங்களையும் டிரேசிங் தாளில் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். கறுப்பு 2004. சிவப்பு 2006; சிவப்பு அம்பு புதிய புள்ளியிலிருந்து கண்ணுக்குப் போகும் பாதை. நாலு மூலையிலும் பொருத்துகுறி போட்டிருக்கிறேன். ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்துப் பார். மூன்றாம் எண்ணை நான் மாற்றவில்லை.

கண்ணுச்சாமி


சாத்தூர்
22 மார்ச் 2007

அப்பாவுக்கு,

ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். கோடு நன்றாக இருக்கிறது. சிறுவயதில் எனக்குக் கோலத்துக்குப் புள்ளி வைத்துக் கொடுத்தது மாதிரியே இருக்கிறது. அதில் தெரிவது என் தலை என்பதுதான் சங்கடம்.

மாடத்தி அக்கா வந்திருந்தார்கள். தாளை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார்கள். “இதுல எங்கிட்டுடி மூக்கு?” என்றார்கள். மேலேயிருந்து வெட்டிப் பார்க்கிற படம், மூக்கு தெரியாது என்றேன். “மூக்கே தெரியல, கண்ணு போயிரும்னு மட்டும் தெரிஞ்சிருச்சாக்கும் ஒங்க அப்பாவுக்கு” என்றார்கள். நான் சிரித்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு சிரித்தேன். இதை உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை, கொஞ்சம் அதற்காகவும்தான்.

மதுரை டாக்டரிடம் நீங்கள் பேசியதை மூன்று முறை படித்தேன். ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூடச் சரி என்று வாங்கி வருகிறவர் நீங்கள். அந்தத் தைரியத்தை எனக்கு எதிராகப் பயன்படுத்தினீர்களே என்று கோபம் வந்தது. தைரியம் வந்ததே என்றும் இருந்தது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

பெங்களூருக்குப் போகிறேன். உங்களுக்காக இல்லை. உங்கள் மூன்றாம் எண்ணை உடைப்பதற்காக. அங்கே ஆராய்ச்சி செய்கிற டாக்டர் அம்மாவிடம் போனில் பேசினேன். ஆறு மாதம், மாதம் ஒரு தடவை, சக்தி கூடிய புது மெஷினில் படம் எடுப்பார்களாம். புள்ளிகள் எப்போது கிளம்புகின்றன, எப்படி வளர்கின்றன, எது மறைகிறது என்று பின்தொடர்வதுதான் ஆராய்ச்சி. அவர்களிடம் நான் ஒரு நிபந்தனை சொன்னேன். என் அப்பா கேட்ட கேள்விக்கும் பதில் தர வேண்டும் என்றேன். கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார்கள். அந்த இரண்டு பிலிமையும் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்புங்கள். மடிக்காதீர்கள்.

குடோனில் லீவு கேட்டேன். பெட்டி எண்ண ஆளா இல்லை, போய்விட்டு வா என்றார் முதலாளி.

எழில்


விருதுநகர்
29 மார்ச் 2007

எழிலுக்கு,

பிலிம்கள் இரண்டும் அட்டைக்கு நடுவே வைத்து அனுப்பியிருக்கிறேன். படிக்கட்டில் ஏறும்போது மரத்துப்போகும் காலை முதலில் வைக்காதே. ரயிலில் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்கு. நான் கூட வரட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அம்மா பொரிவிளங்காய் உருண்டை செய்து வைத்திருக்கிறாள்.

அப்பா


பெங்களூர்
18 ஜூன் 2007

அப்பாவுக்கு,

இது மூன்றாவது தடவை. படுத்தவுடன் தலைக்கு ஒரு கூடை மாட்டுகிறார்கள். அப்புறம் சத்தம். தீபாவளிக்கு முந்தின வாரம் நம் ஊர் அச்சகத்தில் எல்லா மெஷினும் ஓடுமே, அந்தச் சத்தத்தை ஒரு குழாய்க்குள் அடைத்தது மாதிரி. நாற்பது நிமிஷம். பாதியில் கையில் ஒரு மருந்தை ஏற்றுகிறார்கள். புதிதாகக் கிளம்பிய புள்ளி இருந்தால் அந்த மருந்தை வாங்கிக்கொண்டு அது மட்டும் மினுங்குமாம். பழையது மினுங்காது.

டாக்டர் அம்மாவிடம் இந்த நோய் என்னதான் செய்கிறது என்று கேட்டேன். நரம்பைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது, உடம்பே அதை எதிரி என்று நினைத்து அரிக்கிறது என்றார்கள். நான், திரியைச் சுற்றின காகிதம் அங்கங்கே பிய்ந்து போனது மாதிரி, நெருப்பு போய்ச் சேர வேண்டிய நேரத்துக்குப் போய்ச் சேராது என்றேன். அவர்கள் அதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார்கள்.

உங்களுக்குப் பிடிக்கும் ஒன்றைச் சொல்கிறேன். இங்கே பிலிமே இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரில். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு படம், நடுவில் இடைவெளி இல்லாமல். பிறகு ஏப்ரல் மாதத் தலையையும் ஜூன் மாதத் தலையையும் கம்ப்யூட்டர் தானே ஒன்றின் மேல் ஒன்று பொருத்துகிறது. பொருத்திவிட்டு, புதியதிலிருந்து பழையதைக் கழித்துவிடுகிறது. மாறாதது எல்லாம் சாம்பல் நிறமாகப் போய்விடும். மாறியது மட்டும் நிற்கும். புதிது வெள்ளையாக, மறைந்தது கறுப்பாக.

என் கழித்தல் படத்தில் இரண்டு வெள்ளை நின்றன. ஒரு கறுப்பும்.

அதாவது, புதிதாக இரண்டு வந்திருக்கின்றன. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அப்பா. இந்த ஜூன் மாதம் நான் நன்றாக இருந்தேன். மொட்டை மாடி வரை ஏறினேன். கால் இழுத்துக்கொண்டு கிடந்த மே மாதம் எடுத்த படத்தில் புதிதாக ஒன்றுமே இல்லை. என் உடம்பில் நடப்பது எனக்குத்தான் முதலில் தெரியும் என்று உங்களுக்கு எழுதினேன். அது அப்படி இல்லை. பிலிமுக்குத்தான் முதலில் தெரியும் என்பதும் அப்படி இல்லை. இரண்டும் வேறு வேறு ஊரில் குடியிருக்கிற சொந்தக்காரர்கள் மாதிரி, எப்போதாவதுதான் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்கின்றன.

நல்ல படம் வந்த நாளில் விழுந்தேன், கெட்ட படம் வந்த நாளில் மாடி ஏறினேன். ஆகவே படத்தைக் கேட்டு நான் நடக்கப்போவதில்லை.

உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. செப்டம்பரில் பார்க்கலாம் என்றார்கள். உருண்டை தீர்ந்துவிட்டது.

எழில்


விருதுநகர்
1 ஜூலை 2007

அன்பு மகள் எழிலுக்கு,

புதிய இரண்டு புள்ளிகளைப் பற்றிப் படித்துவிட்டு அன்று முழுவதும் எதுவும் செய்யவில்லை. நீ மாடி ஏறியதைப் படித்துவிட்டு மறுநாள் எழுந்தேன்.

அம்மா என்னோடு பேச ஆரம்பித்திருக்கிறாள். “கம்ப்யூட்டரு ஒங்க வேலையத்தான் பாக்குதாக்கும். அப்ப ஒங்களுக்கு ரெண்டாந்தடவ ரிட்டையரு” என்றாள். முருங்கைக்காய் டேபிளிலிருந்து இறங்கிவிட்டது.

அந்தக் கழித்தல் படத்தைப் பற்றி நாலு நாளாக யோசிக்கிறேன். ஒரு சந்தேகம். கம்ப்யூட்டர் பொருத்தும்போது இடம் வலம், மேல் கீழ் மட்டும் நகர்த்துகிறதா, சாய்த்தும் திருப்பியும் பார்க்கிறதா? டாக்டர் அம்மாவிடம் கேட்டு எழுது. நான் லைட் டேபிளில் பிலிமை நகர்த்தலாம், தட்டையாகச் சுற்றலாம். முன்பக்கம் தூக்கிப் பின்பக்கம் தாழ்த்த முடியாது. காகிதத்துக்கு அந்தத் தேவை வந்ததே இல்லை.

மதுரையில் எடுத்த இரண்டு பிலிமின் ஓரத்திலும் சின்ன எழுத்தில் எண்கள் அச்சாகியிருந்தன. பிலிம்கள் உன்னிடம் இருப்பதால் நினைவிலிருந்து சொல்கிறேன். ஐந்து என்றும் இரண்டு என்றும் இருந்தது. ஐந்து மில்லிமீட்டர் கனம், இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி என்று இருக்குமோ? அந்த எண்களை நான் அப்போதே பார்த்தேன். அச்சுத் தாளில் ஓரத்தில் இருப்பதை வெட்டி எறிந்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில் அதை விட்டுவிட்டேன்.

இதற்கு மேல் எழுதப் பயமாக இருக்கிறது. மூன்றாம் எண்ணை இன்னும் திரும்பப் பெறவில்லை. பதில் வரட்டும்.

கண்ணுச்சாமி


சாத்தூர்
24 செப்டம்பர் 2007

அப்பாவுக்கு,

பதில் வந்துவிட்டது.

முதலில் உங்கள் சந்தேகத்துக்கு: சாய்த்தும் பார்க்கிறது, திருப்பியும் பார்க்கிறது. இதை யார் கேட்டது என்றார்கள் டாக்டர் அம்மா. பட்டாசு லேபிள் அச்சடித்தவர் என்றேன். எங்களிடம் படிக்கிற பையன்கள் இதைக் கேட்பதில்லை என்றார்கள்.

இனி மற்றது. கடைசி நாள் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். என் தலை முழுவதும் ஒரு மில்லிமீட்டர் கனமான படங்களாக இடைவிடாமல் உள்ளே இருக்கிறது அல்லவா? அதை எந்தச் சாய்வில் வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கலாம். உங்கள் 2006 பிலிமைப் பார்த்து அதே சாய்வில் வெட்டினார்கள். ஐந்து மில்லிமீட்டர் கனம், இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. உங்கள் ஆறாவது புள்ளி ஏழாவது படத்தில் பளிச்சென்று இருந்தது. பிறகு அதே தலையை, அதே நாள் எடுத்ததை, 2004 பிலிமின் சாய்வில் வெட்டினார்கள். தாடை ஒரு விரல்கடை மேலே தூக்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஏழாவது படத்தில் புள்ளி இல்லை. எட்டிலும் இல்லை. இருக்கிற புள்ளி, அப்பா. உள்ளேதான் இருக்கிறது. இடைவெளியில் விழுந்துவிட்டது.

2004இல் அது இருந்ததா என்று யாராலும் இனிச் சொல்ல முடியாது. இல்லை என்று சொல்ல உங்கள் கையில் சாட்சி இல்லை. அதோடு, அந்த இடம் கண் நரம்பின் பாதையே இல்லையாம். நீங்கள் சிவப்பு மையில் போட்ட அம்பு எங்கேயோ போகிறது.

இது வெற்றி என்று நினைத்து ஊருக்கு வந்தேன். போன சனிக்கிழமை முதலாளியிடம் போய், எனக்கும் உங்கள் மருமகனுக்கும் சோதனை வையுங்கள் என்றேன். பெயர் எழுதாத நாற்பது பொட்டலம் மணி மருந்து. மாடத்தி அக்கா கொளுத்தினார்கள். எந்தக் கலவை என்று அவர்களுக்கும் தெரியாது. கறுப்பு அட்டையை எல்லோருக்கும் முன்னால் கண்ணாடியில் மாட்டிக்கொண்டேன். நான் முப்பத்தெட்டு. அவன் முப்பத்தொன்று.

முதலாளி எங்கள் இரண்டு பேர் தாளையும் மறுபடி கூட்டிப் பார்த்தார். “இன்னைக்குச் சரிம்மா. நாளைக்கு? ஒன்னப் பெத்தவரே வந்து அந்தக் கண்ணும் போகும்னு சொல்லியிருக்காகளே. அவுக வெவரம் தெரிஞ்சவுக. எங்க அப்பா காலத்துல இருந்து பாத்திருக்கேன், அவுக ஓக்கே போட்ட தாளு ஒண்ணு தப்பா வந்ததில்ல” என்றார்.

நான் சொன்னேன். “மொதலாளி, புதுப்புள்ளி வந்திருக்கு. ரெண்டு வந்திருக்கு. இன்னும் வரும். நான் மறைக்கல. ஒங்க அப்பா காலத்துல எங்க அப்பா அச்சடிச்ச செவப்பு லேபிள் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. தெனம் காலைல அத மொத எடது கண்ணுல பாப்பேன், பெறகு வலது கண்ணுல பாப்பேன். வலது கண்ணுல அது வெளுத்துச்சுன்னா அன்னைக்கே நானா வந்து சாவியக் குடுத்துருவேன். அதுவரைக்கும் அந்த நாற்காலி என்னோடது.”

அவர் மறுபடியும் ‘இருந்தாலும்’ என்றார்.

அப்பா, நீங்கள் தவறு என்று எனக்கு எழுத வேண்டாம். எனக்குத் தெரியும். யாரிடம் போய்ச் சொன்னீர்களோ அவரிடம் போய்ச் சொல்லுங்கள். யார் யார் காதில் அது விழுந்ததோ அவர்கள் எல்லோரும் இருக்கும்போது சொல்லுங்கள். அதுவரை எனக்குக் கடிதம் வேண்டாம்.

எழில்


விருதுநகர்
15 அக்டோபர் 2007

அன்பு மகள் எழிலுக்கு,

உன் கடிதம் வந்த பிறகு பதினேழு நாள் எழுதவில்லை. நீ எழுத வேண்டாம் என்றாய். எழுதத் தகுதி வரும் வரை எழுதவில்லை.

முதல் தடவை போனபோது முதலாளி வெளியூர். இரண்டாம் தடவை, தீபாவளி லோடு ஏறுகிறது, அப்புறம் வாங்க என்றார்கள். முன்பு என்றால் தீபாவளி கழியட்டும் என்று திரும்பியிருப்பேன். போன வெள்ளிக்கிழமை மூன்றாம் தடவை போனேன். ஆபீஸ் வாசல் பெஞ்சில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். அவர் இரண்டு முறை என்னைக் கடந்து போனார். டீ கொடுத்துவிட்டார். வேண்டாம் என்றேன். மறுபடி வந்தது. மறுபடியும் வேண்டாம் என்றேன். ஒருவர் கொடுத்த டீயை நான் மறுத்தது அதுதான் முதல் தடவை. அந்த அம்மாவே பயந்துபோய் உள்ளே ஓடிச் சொல்லிவிட்டார்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். நான் உட்காரவில்லை. அன்று உன்னை விசாரித்தபோது நின்றிருந்த கணக்கப்பிள்ளையும் போர்மேனும் டீ கொடுக்கும் அம்மாவும் வர வேண்டும் என்றேன். என்ன அண்ணாச்சி பஞ்சாயத்தா என்றார் முதலாளி. ஆமாம் என்றேன். வந்தார்கள். மாடத்தியும் அழைக்காமலே வந்து நிலையருகே நின்றுகொண்டார்.

சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எண் போட்டு எழுதி வைத்திருந்தேன். வாசித்தால் நோட்டீஸ் மாதிரி இருக்கும் என்று தோன்றியது. மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

“தம்பி, நான் ஓக்கே போட்ட தாளு தப்பா வந்ததில்லன்னு சொன்னீகளாம். இது தப்பா வந்திருக்கு. காகிதத்துக்கு ஒண்ணு மேல ஒண்ணு வச்சு ரிஜிஸ்டர் பாக்குறது மாதிரி மக தலைக்குப் பாத்துப்புட்டேன். காகிதத்துக்குக் கனம் கெடையாது. தலைக்கு இருக்கு. இடைவெளியில விழுந்தது எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்லாம, இல்லன்னு சொல்லிட்டேன். வலது கண்ணு போகும்னு சொன்னேன். அதச் சொல்ல எனக்கு ஆதாரமும் இல்ல, உரிமையும் இல்ல. அவ கண்ணப் பத்தி இனிமே அவ சொல்லுததக் கேளுங்க” என்றேன்.

அவர் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு, “சரி அண்ணாச்சி. ஆனா அந்த நோயி போகாதுல்ல?” என்றார்.

முன்பு என்றால் தலையைக் குனிந்திருப்பேன். போகாது என்றேன். அவள் இரண்டு சீசன் அந்த நோயோடுதான் மார்க்குப் போட்டாள், ஒரு பெட்டி திரும்பவில்லை. நோய் இல்லாதவன் ஒன்பது தப்பு விட்டிருக்கிறான். உங்கள் சரக்குக்கு யார் வேண்டும் என்று நீங்களே பாருங்கள் என்றேன். வாசலில் மாடத்தி, “அப்பிடிப் போடுங்க” என்று சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

அவர் சிரித்துவிட்டார். கொட்டகைச் சாவியை மேஜை டிராயரிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அவளைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுங்கள் என்றேன். மறுநாள் காலை கொடுத்ததாக மாடத்தி போன் செய்து சொன்னார். நீ அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனாயாம். அம்மா அதை நாலு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

நேற்று மதுரைக்கும் போனேன். அந்த டாக்டர் சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னை அவருக்கு நினைவில்லை. இருந்தாலும் சொன்னேன்.

பிப்ரவரியில் உனக்கு எழுதிய கடிதத்தின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. எதற்கும் நகல் வைத்துக்கொள்வது என் வழக்கம். இன்று அதை லைட் டேபிளில் விரித்து, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். முதலாவது உண்மை. இரண்டாவது உண்மை, பயம் இன்னும் இருக்கிறது. நாலாவது நடந்தது, நான் சொன்னதற்காக அல்ல. ஐந்தாவதில் இந்த வாரம் நாரத்தங்காய் வருகிறது.

மூன்றாவது தவறு. சிவப்புப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, நகலை இதோடு அனுப்பியிருக்கிறேன். அந்தச் சிவப்பு எப்படி இருக்கிறது என்று வலது கண்ணால் பார்த்துச் சொல்.

உன் தந்தை,
கண்ணுச்சாமி